ஈரக்கைக்காரர் போட்ட இரண்டு கையெழுத்து

என் வீட்டுக்காரரைப் பற்றி ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த குழாயைப் பட்டப்பகலில் உடைத்தவர் என்கிறார்கள். வயதான காலத்தில் புத்தி பிசகிவிட்டது என்கிறார்கள். நான் அந்த மனிதரோடு முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவள். அதனால் நடந்தது என்ன என்பதை நானே சொல்லிவிடுகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும், அதை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு நகராட்சியில் வேலை. தெருத்தெருவாகப் போய்க் குடிநீர் வால்வைத் திறந்து மூடுகிற வேலை. விடிவதற்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். ரோட்டில் இருக்கும் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே இறக்கித் திருகுவார். எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மார்க்கெட் தெருவுக்கு இருபத்திரண்டு, பள்ளிக்கூடத் தெருவுக்குப் பதினேழு. ஒரு சுற்று கூடினால் பள்ளத்து வீட்டில் வாளி நிரம்பி வழியும், மேட்டு வீட்டில் குழாய் வெறும் காற்றைத் துப்பும்.

திறந்ததோடு வேலை முடிந்தது என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள். இவர் அப்படி நினைக்கமாட்டார். சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்தத் தெருவின் கடைசிக் குழாய் வரைக்கும் போவார். அங்கே தண்ணீர் வந்து சேருகிற வரைக்கும் நிற்பார். வந்ததும் கையை நீட்டி நனைத்துப் பார்ப்பார். பிறகு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, பதிவேட்டை எடுத்து நேரத்தைக் குறித்து, 'வந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். கை நனையாமல் பேனாவைத் தொடமாட்டார். கூட வேலை செய்கிறவர்கள் திங்கட்கிழமை டீக்கடையில் உட்கார்ந்து வாரம் முழுவதற்குமான 'வந்தது'களை ஒரே மூச்சில் எழுதி முடிப்பார்கள். இவருடைய பதிவேட்டில் மட்டும்தான் 'வரவில்லை' என்ற வார்த்தை இருக்கும். அதனால் இவருக்கு ஆபீஸில் ஈரக்கைக்காரர் என்று பெயர். யாராவது கைகுலுக்க வந்தால்கூட, "துடைச்சிட்டுக் குடுங்க அண்ணே" என்று கிண்டல் செய்வார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். கடைக்குக் கிளம்பியவரிடம் "சீக்கிரம் வந்துடுவீங்கல்ல" என்று கேட்டுவிட்டால் போதும். "வந்ததும் சொல்றேன்" என்பார். இப்படிப்பட்ட ஆளோடு குடித்தனம் நடத்தினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

நான் சுகாதார நிலையத்தில் ஆயாவாக இருக்கிறேன். பிரசவ அறை என் பொறுப்பு. ஒரு பிரசவத்துக்குப் பதினோரு வாளித் தண்ணீர் வேண்டும். கை கழுவ, தாயைத் துடைக்க, பிள்ளையைத் துடைக்க, கத்திரியும் கிண்ணமும் கொதிக்கவைக்க, விரிப்பை மூன்று தண்ணீரில் அலச, கடைசியில் தரையைக் கழுவ என்று எல்லாம் சேர்த்துப் பதினொன்று. பத்தில் முடிக்கலாமா என்று முயன்று பார்த்திருக்கிறேன், முடியாது. எங்கள் இடம் மேட்டில் இருப்பதால் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏறாது. ஒருநாள் விட்டு ஒருநாள் நகராட்சி லாரி வந்து, மொட்டைமாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். எங்கள் பிழைப்பு அந்த லாரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பிரசவ அறை திறந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் யாருக்கு வலி எடுத்தாலும் இரண்டு மணி நேரம் வண்டியில் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். என் மகளுக்கும் முதல் தடவை அப்படித்தான் ஆனது. ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. கேட் திறப்பதற்குள் என் மடியில் அவள் தலையும், அவள் மடியில் எங்கள் பேரனுமாக எல்லாம் முடிந்துபோயிற்று. அவன் அழவே இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது நாலு வருஷம் கழித்து அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். ரத்தக் கொதிப்பு வேறு. "தூரப் பயணம் கூடவே கூடாது, பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே இருக்கணும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீடு சுகாதார நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். ஏழாம் மாதமே வந்து இருந்துகொண்டாள். அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து லாரி போகிற சத்தத்தைக் கேட்பாள். கேட்டதும், "அம்மா, தண்ணி வந்தாச்சு" என்று எனக்கே சொல்லுவாள்.

இனி எங்கள் வார்டு கவுன்சிலரின் பிரதாபத்தைச் சொல்கிறேன். ஊரில் அவரை ரிப்பன் என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால்தான். அவர் ரிப்பன் வெட்டாத பொருள் இந்த வார்டில் கிடையாது. பஸ் நிழற்குடைக்கு வெட்டினார், அதன் பெஞ்சுக்குத் தனியாக வெட்டினார். பொதுக் கழிப்பறைக்கு வெள்ளையடித்ததற்கும் வெட்டினார். ரிப்பன் வெட்டிய அடுத்த வாரமே நிழற்குடை சாய்ந்தது. சாய்ந்ததை நிமிர்த்திய அன்றைக்கும் ஒரு ரிப்பன். சட்டைப்பையில் சொந்தமாகவே கத்திரிக்கோல் வைத்திருக்கிறார் என்று சொல்வார்கள், நான் பார்த்ததில்லை.

அந்த ரிப்பன்தான் நகராட்சியின் பெரிய மேல்நிலைத் தொட்டியிலிருந்து சுகாதார நிலையம் வரைக்கும் தனிக் குழாய் போடப்போவதாகச் சொன்னார். வேலை அவருடைய மச்சானுக்குப் போயிற்று. மச்சானும் தோண்டிக்கொண்டே வந்தான். பேங்க் முனையில் பாறை தட்டியது. பாறையை உடைக்க யாருக்குப் பொறுமை? அங்கேயே குழாயை நிறுத்திவிட்டு மேலே தாரைப் பூசிவிட்டார்கள். இந்தப் பக்கம் எங்கள் காம்பவுண்டுக்குள் புதுக் குழாய் பளபளவென்று நின்றது. நடுவில் நாற்பதடி ஒன்றுமே கிடையாது.

திறப்பு விழா அன்று காலையில் லாரி வந்தது. லாரிக்காரத் தம்பி தண்ணீரை எங்கள் தொட்டியில் விடவில்லை. பின்பக்கச் சுவரின் மேல் புதிதாக இரண்டு டிரம்கள் உட்கார்ந்திருந்தன. அவற்றில் நிரப்பினான். டிரம்மிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் இறங்கிப் புதுக் குழாயின் பின்னால் போய்ச் சேர்ந்தது.

"என்ன தம்பி இது?" என்றேன்.

"அக்கா, என்னைக் கேக்காதீங்க. ஊத்தச் சொன்னாங்க, ஊத்தறேன்."

ரிப்பன் வந்தார், வெட்டினார், குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அந்த வெட்கக்கேட்டையும் சொல்லத்தானே வேண்டும். எங்கள் பெரிய நர்ஸம்மா கையில் ஒரு டம்ளரைக் கொடுத்து நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அந்த அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. படத்தில் பார்த்தால் சிரிப்பது போலத்தான் இருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் ரிப்பன் என் வீட்டுக்காரரின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனார். நான் விரிப்புகளைக் காயப்போடுகிற சாக்கில் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணே, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? நாப்பது அடி பாக்கி. இன்னைக்குள்ள வேலை முடிஞ்சுதுன்னு பேப்பர் மேல போகலேன்னா மொத்தத் திட்டமும் ரத்தாயிடும். அப்புறம் இந்த ஜென்மத்துல இங்க குழாய் வராது. பதிவேட்டுல ஒரு கையெழுத்து. பத்தே நாள்ல பாறையை உடைச்சு மீதியைப் போட்டுடறேன்."

"தண்ணி வந்தா எழுதறேன்" என்றார் இவர்.

"உங்க பொண்ணுக்கு எப்போ நாள் குறிச்சிருக்கு? ரெண்டு மாசமா? அதுக்குள்ள இங்க குழாயைத் திறந்தா தண்ணி கொட்டும் அண்ணே. லாரியை நம்பிக்கிட்டு இருக்கவேணாம். உங்க எஞ்சினியரே நீங்க எழுதினாத்தான் நம்புவேங்கறாரு. வேற யார் எழுதினாலும் மேல இருக்கிறவங்க சந்தேகப்படுவாங்களாம். உங்க கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை."

இவர் மகள் இருக்கிற எங்கள் தெருப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தப் புதுக் குழாய்க்குப் போனார். டிரம்மில் மிச்சம் இருந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டி நனைத்தார். சட்டையில் துடைத்தார். பதிவேட்டில் 'வந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன்.

"எந்தத் தண்ணி வந்துச்சு?"

"கை நனைஞ்சுது."

"டிரம் தண்ணியில நனைஞ்சா அதுவும் சேர்த்தியா? அப்போ நாளைக்கு வீட்டுச் சொம்புல கையை விட்டுட்டு ஊருக்கே தண்ணி வந்துச்சுன்னு எழுதுவீங்களா?"

அவர் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். மகள் மட்டும், "விடும்மா, எனக்காகத்தானே" என்றாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பத்து நாள்தானே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நாலாம் நாள் லாரி வந்தது, காலியாக. லாரிக்காரத் தம்பி இறங்கி வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, உங்க இடத்தை லிஸ்ட்டுலேர்ந்து எடுத்துட்டாங்க. குழாய்த் தண்ணி வர்ற இடத்துக்கு லாரி கிடையாதாம். நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எங்கப்பா வருது குழாய்ல? திறந்து பாரு."

"நான் பாத்து என்னக்கா ஆகப்போகுது? பதிவேட்டுல வருதாமே. அதுவும் நம்ம ஈரக்கை அண்ணன் கையெழுத்து."

உள்ளே ஓடிப்போய் நர்ஸம்மாவிடம் சொன்னேன். நர்ஸம்மா ஆபீஸுக்குப் போன் செய்தார். ஒருத்தர் இன்னொருத்தரிடம் கொடுக்க, அவர் வேறொருத்தரிடம் கொடுக்க, கடைசியில் போன் முதல் ஆளிடமே திரும்பி வந்தது. மூன்று நாள் நாங்கள் பக்கத்துத் தெருவிலிருந்து குடத்தில் சுமந்தோம். என் இடுப்பு கழன்றுவிட்டது. நாலாம் நாள் நர்ஸம்மா பிரசவ அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கையைக் கழுவாம ஒரு பிள்ளையைக்கூட நான் தொடமாட்டேன் ஆயாம்மா. கிருமி பத்திக்கிட்டா யாரு பதில் சொல்றது? வர்றவங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

அனுப்பினோம். தையல்காரர் மருமகளுக்கு வண்டியிலேயே பிறந்துவிட்டது. நல்லவேளையாகத் தாயும் பிள்ளையும் தப்பித்தார்கள். அந்தச் சேதியை என் மகளிடம் யாரும் சொல்லவேண்டாம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தேன். அவளுக்கு அது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்வதை விட்டுவிட்டாள். ராத்திரி அவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், காலையில் மாத்திரை கொடுத்து இறக்குவோம்.

ரிப்பன் சொன்ன பத்து நாள் நாற்பது நாளாயிற்று. இவர் போய்க் கேட்காத நாள் இல்லை. ஒருநாள் நானும் கூடப் போனேன். ரிப்பன் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவர் வீட்டில் தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை.

"பாறைம்மா. பாறைன்னா சும்மாவா? மெஷின் வரணும்."

"எப்போ வரும்?"

"சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

"சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியிருக்கேன்மா."

இப்படிப் பேசுகிறவரிடம் என்னத்தைச் சொல்வது? சுவரில் முட்டிக்கொண்டது போல இருந்தது. வெளியே வரும்போது பார்த்தேன். டம்ளரோடு நர்ஸம்மா நிற்கிற படத்தைச் சட்டம் போட்டு வாசலுக்கு மேலே மாட்டியிருந்தார்.

அப்புறம் இவர் எஞ்சினியரிடம் போனார். "சார், அந்த லைன்ல தண்ணி வரல. நான் எழுதினது தப்பு. அடிச்சுட்டு வரலைன்னு எழுதிடறேன்" என்றார். எஞ்சினியர் கெட்டவர் இல்லை. அலுத்துப்போன மனுஷர், அவ்வளவுதான்.

"பதிவேடு மேல போயிடுச்சுங்க. இனிமே அடிக்க முடியாது. நீங்க இப்போ வந்து வரலைன்னா யார் நம்புவாங்க? இருபத்தாறு வருஷமா உங்க எழுத்து ஒரு நாள்கூடப் பொய்யானதில்லைன்னு நானே அதுக்குக் கீழ ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருக்கேன்."

அன்று அவர் சாப்பிடவில்லை. வாசலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைத் திட்டவும் மனசு வரவில்லை, தேற்றவும் வாய் வரவில்லை. மகளுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

மறுநாள் சந்தை நாள். காலை பத்து மணிக்கு, கூட்டம் ஜே ஜே என்று இருக்கும்போது, இவர் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு பேங்க் முனைக்குப் போனார். யாரையும் கேட்கவில்லை. தாரைப் பெயர்த்துத் தோண்ட ஆரம்பித்தார். சேதி கேட்டு நான் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். முழங்கால் ஆழத்தில் குழாயின் முனை தட்டுப்பட்டது. வாயில் ஒரு சிமெண்டு சாக்கைத் திணித்து அடைத்திருந்தார்கள். இழுத்துப் போட்டார். உள்ளே எறும்புப் புற்று இருந்தது. கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டினார். மண் ஒட்டியிருந்தது, ஈரம் இல்லை.

"பாருங்க. இதுலதான் தண்ணி வந்துச்சுன்னு நான் எழுதினேன். பொய்யா எழுதினேன். எல்லாரும் பாத்துக்குங்க."

அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சனங்கள் பார்த்தார்கள். சிலர் போனில் படம் எடுத்தார்கள். ஒருத்தர் தக்காளிப் பையை இறக்கி வைக்காமல் நின்றபடியே, "அநியாயம்" என்றார். நியாயம் கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. எனக்கும் புத்தி அவ்வளவுதான்.

ரிப்பன் காரிலிருந்து இறங்கினார். குழியைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார், சாக்கைப் பார்க்கவே இல்லை. தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அடப்பாவமே. நல்லா ஓடிக்கிட்டிருந்த குழாயை இப்படி உடைச்சுட்டீங்களே அண்ணே."

போனில் எடுத்த படங்களிலும் கடைசியில் தெரிந்தது அதுதான். குழி, குழாய் முனை, கையில் கடப்பாரையோடு இவர். எறும்பு படத்தில் விழவில்லை. சாயங்காலத்துக்குள் இவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து ஓலை வந்துவிட்டது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியது, சுகாதார நிலையத்தின் குடிநீரைத் தடுத்தது. ஓய்வு பெற இன்னும் பத்து மாதம்தான் பாக்கி.

கூத்து இனிமேல்தான். மறுநாள் காலையில் லாரி வந்தது, நிறையத் தண்ணீரோடு. லாரிக்காரத் தம்பிக்கு வாயெல்லாம் பல்.

"அக்கா, உங்க லைன் உடைஞ்சுபோச்சாமே. ரிப்பேர் ஆகிறவரைக்கும் லாரி விடச் சொல்லி ஆர்டர் போட்டிருக்காங்க. முதல்ல ஏழு நாளைக்கு."

குழாய் நன்றாக இருந்த நாற்பது நாளும் சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாய் உடைந்ததும் தொட்டி நிரம்பிவிட்டது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே நினைவில்லை. நர்ஸம்மா பூட்டைத் திறந்தார். அன்றைக்கு மட்டும் இரண்டு பிரசவம். இருபத்திரண்டு வாளி.

ஏழாம் நாள் விடியற்காலையில் என் மகளுக்கு வலி எடுத்தது. நடத்தியே கூட்டிக்கொண்டு வந்தோம், ஐந்து நிமிஷம். உள்ளே படுக்கவைத்தோம். ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தது. நர்ஸம்மா ஊசி போட்டுவிட்டு, "நேரம் ஆகும், பொறுமையா இருங்க" என்றார். தொட்டியில் தண்ணீர் கால்வாசிக்கும் கீழே இருந்தது. முதல் நாள் ராத்திரி ஒரு பிரசவம் ஆகியிருந்தது. லாரி மத்தியானம் வரவேண்டும்.

பதினோரு மணிக்கு ஆபீஸிலிருந்து குமாஸ்தா வந்தார். இவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா ஒரு காகிதத்தை நீட்டினார்.

"இது உங்க வாக்குமூலம் அண்ணே. ஓடற குழாயை நான்தான் உடைச்சேன்னு ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடணும்."

"ஓடாத குழாய் அது."

"அது எனக்கும் தெரியும். ஆனா நீங்க அப்படி எழுதினா என்ன ஆகும்னு கேளுங்க. குழாய் உடையலைன்னு ஆகும். உடையலைன்னா ரிப்பேர் கிடையாது. ரிப்பேர் இல்லைன்னா லாரி எதுக்கு? ஏழு நாள் ஆர்டர் நேத்து ராத்திரியோட முடிஞ்சுது. இந்தப் பேப்பர் போய்ச் சேர்ந்தாத்தான் மத்தியானம் லாரி கிளம்பும். எஞ்சினியர் உங்ககிட்ட விவரமா சொல்லச் சொன்னாரு."

"விசாரணை வெச்சாங்கன்னா நான் உண்மையைச் சொல்றேன்."

"வைப்பாங்க. ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் பதிவேட்டுல இருக்கிறதுதான் செல்லும். தண்ணி வந்ததுன்னு இருக்கு."

இவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு தடவை எழுதினதே போதும். அதுக்கே இன்னும் கை கூசுது" என்றார்.

உள்ளே மகள் "அம்மா" என்று கூப்பிட்டாள். கத்தவில்லை, கூப்பிட்டாள், அவ்வளவுதான். எனக்கு ரயில்வே கேட் நினைவு வந்துவிட்டது. முதல் கையெழுத்துக்காக அந்த மனிதரை எப்படியெல்லாம் கிழித்திருக்கிறேன் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் வெட்கத்தை விட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"போடுங்க" என்றேன். "தொட்டியில ஒம்பது வாளிகூடத் தேறாது. போட்டுடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டமாட்டாரா என்று இருந்தது. அவர் எழுந்து வராந்தா ஓரத்தில் இருந்த குழாய்க்குப் போனார். தொட்டியிலிருந்து வருகிற குழாய் அது, லாரித் தண்ணீர். திறந்து கையை நீட்டினார். நனைந்தது. அதிகம் செலவாகக்கூடாது என்று உடனே மூடினார். சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

குமாஸ்தா காகிதத்தைச் சரிபார்த்தார்.

"கீழ ஒரு கட்டம் பாக்கி இருக்கு அண்ணே. என்ன காரணத்துக்காக உடைச்சீங்கன்னு எழுதணும். கோபத்துல, குடிபோதையில, இப்படி ஏதாவது."

இவர் பேனாவை மறுபடி வாங்கி, 'தண்ணீர் வருவதற்காக' என்று எழுதினார்.

குமாஸ்தா நெற்றியைச் சுருக்கினார். "இது என்ன காரணம்? ஓடற குழாயை உடைச்சா தண்ணி வருமா?"

"வந்துச்சே" என்றார் இவர்.

குமாஸ்தா காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். லாரி ஒன்றரை மணிக்கு வந்தது. இரண்டேகாலுக்குப் பேத்தி பிறந்தாள். பிறந்ததும் வீல் என்று அழுதாள். என் மகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடித் தூங்கினாள். பதினோரு வாளியில் ஒன்றைக்கூட நான் குறைக்கவில்லை.

இவருக்கு வேலை போய்விட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு விசாரணை எதற்கு என்று விசாரணையும் வைக்கவில்லை. அந்தக் கட்டத்தில் எழுதியதை மேலே யாராவது படித்தார்களா என்பது எனக்குத் தெரியாது. பேங்க் முனையில் குழி அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ரிப்பன் ஒரு பலகை நட்டிருக்கிறார். சுகாதார நிலையத்துக்குத் தனிக் குழாய் தந்த சாதனையாளர் என்று அதில் போட்டிருக்கிறது.

போன வாரம் இரண்டு பேர் ஜல்லியோடு வந்து குழியை மூடப் பார்த்தார்கள். தையல்காரர் மருமகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழிக்குள்ளேயே இறங்கி நின்றுவிட்டாளாம். மூடிவிட்டால் ரிப்பேர் முடிந்தது என்று எழுதிவிடுவார்கள், லாரி நின்றுவிடும். இது இப்போது ஊருக்கே தெரிந்திருக்கிறது. அதில் யாராவது சைக்கிளோடு விழுந்து எழுந்தால்கூடத் திட்டாமல் போகிறார்கள். தினமும் விடிந்ததும் இவர் பழைய பழக்கத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த முனை வரைக்கும் போய் வருகிறார். வந்ததும் நான் கேட்கிறேன், குழி இருக்கிறதா என்று. இருக்கிறது என்றால்தான் வேலைக்குக் கிளம்புகிறேன்.